கேள்வி கேட்பவர் யாருடன் விளையாடுகிறார்?

2004 ஜூலையில் கலிஃபோர்னியாவின் 101-ஆம் நெடுஞ்சாலையோரம், சிலிக்கான் பள்ளத்தாக்கில் ஒரு விளம்பரப் பலகை எழுந்தது. நிறுவனத்தின் பெயர் இல்லை, சின்னம் இல்லை, சிரிக்கும் முகம் ஒன்றும் இல்லை. ஒரே ஒரு வரிதான் இருந்தது. கணிதத்தில் 'ஈ' என்ற எழுத்தால் குறிக்கப்படும் எண்ணின் இலக்கங்களில், அடுத்தடுத்து வரும் பத்து இலக்கங்களால் ஆன முதல் பகா எண் எது? அதன் பின்னால் 'டாட் காம்'. 2.71828 என்று தொடங்கி முடிவில்லாமல் நீளும் எண் அது. பத்துப் பத்து இலக்கமாக நகர்த்திக்கொண்டே போய்ப் பகா எண்ணா என்று சோதிக்க ஒரு சிறு நிரல் போதும். பேனாவும் காகிதமும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தவர் அலுத்து எழுந்துவிடுவார். நூறாவது இலக்கத்தை ஒட்டி விடை தலைகாட்டுகிறது: 7427466391. அந்த முகவரிக்குப் போனவர்களை இன்னொரு புதிர் வரவேற்றது. நான்கு பத்து இலக்க எண்கள், ஐந்தாவது என்ன? நான்கிலும் இலக்கங்களைக் கூட்டினால் 49 வருகிறது என்று பிடித்துக்கொண்டவர் அடுத்த கதவையும் திறந்தார். கதவுக்குப் பின்னால் இருந்தது கூகுள். தன்விவரக் குறிப்பை அனுப்பச் சொன்னது.

அந்தச் சாலையில் போனவர்களில் பெரும்பாலோர் பலகையைப் பார்த்துவிட்டுத் தம் வேலைக்குப் போனார்கள். அவர்களுக்கு ஒரு நஷ்டமும் இல்லை. விடை தெரியாமல் எவரும் எவர் முன்னாலும் வியர்த்து நிற்கவில்லை. விரும்பியவர் மட்டும் ஆடலாம், அவரவர் வீட்டில், அவரவர் நேரத்தில். கேள்வியும் நிரல் எழுதித் தீர்க்க வேண்டிய கேள்வி. வேலைக்கு ஆள் எடுக்கையில் விளையாட்டைப் புகுத்தும் பழக்கத்துக்கு நூறு வயது ஆகிறது. ஆனால் இந்த மூன்றும் ஒன்றுசேர அமைந்தவை குறைவு. மற்றவற்றில் ஆடுகிறவர் அநேகமாக ஒரே ஒருவர்தான்: மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவர்.

1921-இல் தாமஸ் எடிசன் தம் நிறுவனத்துக்கு விண்ணப்பித்த பட்டதாரிகளுக்கு ஏறக்குறைய 150 கேள்விகள் கொண்ட தாள் ஒன்றைக் கொடுத்தார். புவியியல், வரலாறு, வேதியியல் என்று எங்கெங்கோ தாவும் கேள்விகள். வினாத்தாள் வெளியே கசிந்து செய்தித்தாள்களில் அச்சேறியதும், அமெரிக்கா முழுக்க அது வரவேற்பறைப் பொழுதுபோக்காகிவிட்டது. அந்தச் சமயத்தில் பாஸ்டன் வந்திருந்த ஐன்ஸ்டைனிடம் அதிலிருந்து ஒன்றை எடுத்து, ஒலியின் வேகம் என்ன என்று கேட்டார்கள். புத்தகத்தில் கிடைக்கும் தகவலைத் தலையில் சுமப்பதில்லை என்ற பொருளில் அவர் பதில் சொன்னார். எடிசனிடம் அவருக்கு வேலை கிடைத்திருக்காது.

புதிர் போட்டு ஆள் எடுக்கும் பழக்கம் சிலிக்கான் பள்ளத்தாக்கில் எங்கே முளைத்தது என்று தேடிய வில்லியம் பவுண்ட்ஸ்டோன், 2003-இல் வெளியான தம் நூலில், ஷாக்லியிடம் போய் நிற்கிறார். டிரான்சிஸ்டர் கண்டுபிடிப்புக்காக 1956-இல் நோபல் பரிசு பெற்ற வில்லியம் ஷாக்லி, மறு வருடம் ஜிம் கிப்பன்ஸ் என்ற இளம் பொறியாளரை நேர்காணல் செய்தார், கையில் ஸ்டாப்வாட்சுடன். கேள்வி இது: ஒரு டென்னிஸ் போட்டியில் 127 பேர் ஆடுகிறார்கள், தோற்றவர் வெளியேற வேண்டும், சாம்பியனைக் கண்டுபிடிக்க மொத்தம் எத்தனை ஆட்டங்கள் நடக்க வேண்டும்? வழக்கமாகச் செய்பவர் முதல் சுற்றில் 63, ஒருவருக்கு விலக்கு, அடுத்த சுற்றில் 32 என்று கூட்டிக்கொண்டே போவார். கிப்பன்ஸ் உடனே 126 என்றார். ஒரு ஆட்டத்துக்கு ஒருவர் வெளியேறுகிறார், 126 பேர் வெளியேற வேண்டும், அவ்வளவுதான். ஷாக்லிக்கு முகம் சிவந்துவிட்டது. அவரும் அதே வழியில்தான் தீர்த்திருந்தாராம். இரண்டாவது புதிரை வீசினார். அதில் கிப்பன்ஸ் தடுமாறினார். நேரம் ஆக ஆக ஷாக்லியின் முகம் தெளிந்தது. ஆய்வகத்தின் சராசரியைப் போல் இரு மடங்கு நேரம் கடந்ததும், போதும், விட்டுவிடுங்கள் என்று சாந்தமாகச் சொன்னார்.

கிப்பன்ஸுக்கு வேலை கிடைத்தது. பிற்பாடு ஸ்டான்ஃபோர்டு பொறியியல் பள்ளியின் தலைவராகவும் ஆனார். ஆனால் இந்தச் சம்பவத்தில் கவனிக்க வேண்டியது ஷாக்லியைத்தான். விண்ணப்பதாரர் நன்றாகச் செய்தபோது கோபம், சறுக்கியபோது நிம்மதி. வேலைக்கு ஆள் தேடுகிறவர் இப்படியா நடந்துகொள்வார்? ஆட்டத்தில் ஜெயிக்க நினைக்கிறவர்தான் இப்படி நடந்துகொள்வார். அதே 1957-இல் அவருடைய மிகச் சிறந்த பணியாளர்கள் எட்டுப் பேர் ஒன்றாக விலகிப்போய் ஃபேர்சைல்டு செமிகண்டக்டரைத் தொடங்கினார்கள் என்பதையும் சேர்த்துப் படித்தால், புதிரில் தேறியவர்களைத் தக்கவைத்துக்கொள்ளும் வித்தை ஸ்டாப்வாட்சில் இல்லை என்று தெரியும்.

இதற்கு மாறான ஒரு விளையாட்டு, போர்க்கால லண்டனில் நடந்தது. 'டெய்லி டெலிகிராஃப்' நாளிதழின் குறுக்கெழுத்துப் புதிர் மிகவும் எளிதாகிவிட்டது என்று புகார் எழ, பத்திரிகை 1942 ஜனவரியில் போட்டி வைத்தது: 12 நிமிடங்களுக்குள் முடிப்பவர் யார்? பத்திரிகை அலுவலகத்துக்கே வந்து உட்கார்ந்து முடித்துக் காட்டினார்கள் சிலர். பிறகு அவர்களில் சிலருக்கு ராணுவத் துறையிலிருந்து கடிதம் வந்தது. ஜெர்மானியச் சங்கேதங்களை உடைத்துக்கொண்டிருந்த பிளெட்ச்லி பார்க்கில் போய்ச் சேர்ந்தார்கள். எழுத்துகளின் ஒழுங்கை மோப்பம் பிடிப்பதுதான் அங்கே வேலையும். எனவே விளையாட்டுக்கும் வேலைக்கும் இடையே தூரம் குறைவு.

பிளெட்ச்லியின் வாரிசான பிரிட்டிஷ் உளவு அமைப்பு ஜிசிஹெச்க்யூ, 2011-இல் அதே உத்தியை இணையத்துக்குக் கொண்டுவந்தது. 160 பைட்டுகள் கொண்ட ஒரு கட்டம். முடிந்தால் உடைத்துப் பாருங்கள் என்றது. அது உண்மையில் இயந்திர மொழியில் எழுதிய நிரல் என்று கண்டுபிடித்து, ஓட்டிப் பார்த்து, அடுத்தடுத்த கட்டங்களைத் தாண்ட வேண்டும். ஆனால் வெற்றி பெற்றவருக்கான பக்கத்தைத் தேடுபொறியின் கண்ணிலிருந்து மறைக்க அமைப்பு மறந்துவிட்டது. கூகுளில் தேடியே அந்தப் பக்கத்தை அடைந்தவர்களும் இருந்தார்கள். உளவு வேலைக்கு அவர்களும் தகுதியானவர்கள்தானே என்று ஒரு வாதம் அப்போது எழுந்தது. தவறென்று சொல்ல முடியாது.

நிரலாளர் என்ற தொழில் பிறந்தபோது அதற்குப் பட்டமோ பாடத்திட்டமோ கிடையாது. யாரைத் தேர்ந்தெடுப்பது என்று தெரியாத ஐபிஎம், சதுரங்கமும் பிரிட்ஜும் ஆடுகிறவர்களை விளம்பரம் கொடுத்து அழைத்தது. 1950-களின் நடுவில் தர்க்கமும் எண் வரிசைகளும் அடங்கிய ஒரு திறனறித் தேர்வையும் உருவாக்கியது. மற்ற நிறுவனங்கள் அதை அப்படியே பின்பற்றின. அந்த மதிப்பெண்ணுக்கும் பிற்கால வேலைத் திறனுக்கும் பெரிய தொடர்பில்லை என்று அப்போதே சொல்லப்பட்டது. 1966-இல் வில்லியம் கேனனும் டாலிஸ் பெர்ரியும் நிரலாளர்களின் விருப்பங்களை ஆராய்ந்து, புதிர்கள் பிடிக்கும், மனிதர்களோடு பழகுவதில் நாட்டமில்லை என்ற சித்திரத்தைத் தந்தார்கள். அந்தச் சித்திரத்தை வைத்து ஆள் எடுத்தார்கள். எடுத்த ஆட்கள் அந்தச் சித்திரத்தை நிரூபித்தார்கள். தொடக்க காலத்தில் இந்தத் தொழிலில் நிறையப் பெண்கள் இருந்தார்கள் என்பதையும் இந்தத் தேர்வுகள் எவரை உள்ளே இழுத்து எவரை வெளியே தள்ளின என்பதையும் வரலாற்றாசிரியர் நேதன் என்ஸ்மெங்கர் விரிவாக எழுதியிருக்கிறார்.

இந்தப் பரம்பரைச் சொத்து மைக்ரோசாஃப்டின் கைக்கு வந்தபோது அதற்கு உலகப் புகழ் கிடைத்தது. சாக்கடை மூடி ஏன் வட்டமாக இருக்கிறது? ஃபியூஜி மலையை எப்படி நகர்த்துவீர்கள்? ஊரில் எத்தனை பெட்ரோல் பங்குகள் இருக்கும்? எல்லாவற்றையும் ஒரே மூட்டையில் கட்டிக் கேலி செய்வது எளிது. ஆனால் இவற்றில் சில உண்மையிலேயே நல்ல கேள்விகள். முட்டைப் புதிரை எடுத்துக்கொள்ளலாம். 100 மாடிக் கட்டடம், கையில் இரண்டே முட்டைகள். எந்த மாடியிலிருந்து போட்டால் முட்டை உடையத் தொடங்கும் என்று கண்டுபிடிக்க, மிக மோசமான நிலையிலும் எத்தனை முறை போட வேண்டியிருக்கும்?

ஒரே முட்டை என்றால் முதல் மாடியிலிருந்து ஒவ்வொன்றாக ஏற வேண்டியதுதான். இரண்டு இருப்பதால், முதல் முட்டையைப் பத்துப் பத்து மாடியாகத் தாண்டவிட்டு, உடைந்ததும் இரண்டாவதை வைத்து இடையில் உள்ள ஒன்பதைச் சோதிக்கலாம். மோசமான நிலையில் 19 முறை. பலர் இங்கே நின்றுவிடுகிறார்கள். கொஞ்சம் யோசித்தால் ஒன்று உறுத்தும்: மேலே போகப் போக முதல் முட்டை ஏற்கெனவே பல வாய்ப்புகளைச் செலவழித்துவிட்டது, அப்படியிருக்க இரண்டாவது முட்டைக்கும் அதே ஒன்பது வாய்ப்புகளை ஏன் தர வேண்டும்? தாண்டலை ஒவ்வொன்றாகக் குறைத்துக்கொண்டே போனால் சரிக்கட்டலாம். 14-ஆம் மாடியில் தொடங்கி 27, 39, 50, 60 என்று ஏறினால் எங்கே உடைந்தாலும் 14 முறைக்குள் விடை கிடைத்துவிடும். மோசமான நிலையைப் பற்றிக் கவலைப்படுவது, செலவை இரண்டு பக்கமும் சமன் செய்வது, முதல் விடையோடு திருப்தி அடையாமல் இருப்பது. இவை நிரல் எழுதுகிறவருக்கு அன்றாடம் தேவைப்படும் பழக்கங்கள்.

ஆகவே சிக்கல் முட்டையில் இல்லை. நேற்று இந்தப் புதிரைக் கேள்விப்பட்டவர் இன்று பத்து விநாடியில் 14 என்பார், கேள்விப்படாதவர் அரை மணி நேரம் போராடுவார். இரண்டு பேரில் சிறந்த நிரலாளர் யார் என்பதற்கு அதில் ஒரு தடயமும் இல்லை. புதிர் ஒரு முறை எரியும் தீக்குச்சி.

இந்தியாவில் இது இன்னும் தெளிவாகத் தெரிந்தது. 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் கேம்பஸ் இன்டர்வியூவுக்குத் தயாரான பொறியியல் மாணவர்களின் அறைகளில் சகுந்தலா தேவியின் புதிர்ப் புத்தகமும் ஜார்ஜ் சம்மர்ஸின் புதிர்த் தொகுப்பும் ஆர்.எஸ். அகர்வாலின் தடித்த ஆப்டிட்யூட் புத்தகமும் ஜெராக்ஸ் பிரதிகளாகக் கிடந்தன. இன்ஃபோசிஸ் தேர்வுக்கு இன்னின்ன புதிர்கள் வரும் என்று சீனியர்கள் பக்க எண்ணோடு சொல்லிக் கொடுத்தார்கள். மனக்கணக்கு மேதை ஒருவர் பொழுதுபோக்குக்காக எழுதியது, மாணவர்கள் கையில் மனப்பாடத்துக்குரிய பாடநூலாயிற்று. விளையாட்டு என்று வந்தது, பயிற்சி வகுப்பாகிப் போயிற்று.

புதிர் யுகத்துக்கு முற்றுப்புள்ளி வைத்தவர், அதை வளர்த்த நிறுவனங்களில் ஒன்றின் பணியாளர் துறைத் தலைவரே. கூகுளின் லாஸ்லோ போக் 2013-இல் 'நியூயார்க் டைம்ஸ்' பேட்டியில், விமானத்துக்குள் எத்தனை கோல்ஃப் பந்துகள் கொள்ளும் என்பது போன்ற கேள்விகள் நேரத்தை வீணடிப்பவை, எதையும் முன்கூட்டிச் சொல்லாதவை என்று ஒப்புக்கொண்டார். கேட்கிறவருக்குத் தன்னைப் புத்திசாலியாக உணர மட்டுமே அவை உதவுகின்றன என்றார். 2019-இல் பவுலிங் கிரீன் பல்கலைக்கழகத்தின் ஸ்காட் ஹைஹவுஸும் சக ஆய்வாளர்களும் இன்னும் ஒரு படி போனார்கள். நேர்காணலில் இத்தகைய புதிர்களைக் கேட்க விரும்புகிறவர்களிடம் தற்காதலும், பிறர் அவதியில் இன்பம் காணும் போக்கும் கூடுதலாகத் தென்படுவதை அவர்கள் ஆய்வு காட்டியது. ஷாக்லியின் ஸ்டாப்வாட்சுக்கு அறுபது ஆண்டுகள் தாமதமாக வந்த விளக்கவுரை.

மலையை நகர்த்தும் கேள்விகள் ஓய்வதற்குச் சில ஆண்டுகள் முன்பே, மிகச் சாதாரணமான ஒன்று மேடைக்கு வந்திருந்தது. பிரிட்டனில் குழந்தைகள் வட்டமாக உட்கார்ந்து எண் சொல்லி ஆடுவார்கள். மூன்றின் மடங்கு வந்தால் 'ஃபிஸ்', ஐந்தின் மடங்கு வந்தால் 'பஸ்', இரண்டுக்கும் பொதுவானால் 'ஃபிஸ்பஸ்'. 1 முதல் 100 வரை இதை அச்சிடும் நிரலை எழுதச் சொல்லலாம் என்று 2007 ஜனவரியில் இம்ரான் கோரி என்பவர் எழுதினார். கணினி அறிவியல் பட்டதாரிகள் பலரே இதில் திணறுகிறார்கள் என்றும் சேர்த்துச் சொன்னார். அடுத்த மாதமே ஜெஃப் அட்வுட் அதை எடுத்துப் பேச, உலகம் முழுக்கப் பரவிவிட்டது. படித்தவர்கள் எல்லோரும் அடுத்த கணம் தங்கள் விடையை எழுதிக் காட்டத் தொடங்கினார்கள், ஏதோ தங்களையே யாரோ சந்தேகித்துவிட்டது போல.

ஃபிஸ்பஸ் எவரையும் மேதை என்று நிரூபிக்காது. ஒரு மடக்கு வாக்கியம், இரண்டு மூன்று நிபந்தனைகள், மீதி காணும் குறி, அவ்வளவே. 15-இன் மடங்கை முதலில் சோதிக்காவிட்டால் விடை தப்பும் என்பது மட்டும் ஒரு சிறு கண்ணி. நிரல் எழுதவே தெரியாதவரை ஐந்து நிமிடத்தில் அடையாளம் காட்டும். அதற்கு மேல் அது எதையும் உரிமை கொண்டாடவில்லை என்பதே அதன் பலம்.

நிரலாளர்கள் அதையும் சும்மா விடவில்லை. பெரிய நிறுவனங்களின் பாணியைக் கிண்டல் செய்து, இந்தப் பத்துப் பதினைந்து வரி வேலையை எண்ணற்ற கோப்புகளாகவும் தொழிற்சாலை வகுப்புகளாகவும் விரித்து 'என்டர்பிரைஸ் எடிஷன்' ஒன்றை ஜாவாவில் எழுதிப் பொதுவில் வைத்தார்கள். 2016-இல் ஜோயல் கிரஸ் ஒரு கற்பனை நேர்காணலை எழுதினார்: ஃபிஸ்பஸ் கேட்கப்பட்ட விண்ணப்பதாரர் இயந்திரக் கற்றலுக்கான டென்சார்ஃப்ளோ கருவியைத் திறந்து, எண்களை இரும வடிவில் மாற்றி, 101 முதல் 1023 வரை கொடுத்து ஒரு நரம்பணு வலையமைப்பைப் பயிற்றுவிக்கிறார். கேட்பவர் வாயடைத்துப் போகிறார். கடைசியில் சில விடைகள் தவறாக வர, வேலையும் கிடைப்பதில்லை. 'அஃபிர்' என்ற பெயரில் எழுதும் கைல் கிங்ஸ்பரியின் கதைகளில் நேர்காணலுக்கு வருவது ஒரு சூனியக்காரி. இணைப்புப் பட்டியலைத் திருப்பிப் போடு என்றால் அவள் மொழியின் அடித்தளத்தையே தோண்டி எடுத்து, மந்திரம் ஓதுவது போல் விடையை வரவழைக்கிறாள். எதிரில் இருக்கும் இளைஞருக்கு ஒன்றும் புரிவதில்லை. வேடிக்கை என்னவென்றால், அதில் வரும் நிரல்கள் உண்மையில் ஓடக்கூடியவை. மேசையின் இந்தப் பக்கம் உட்கார்ந்தவர்கள் விளையாடத் தொடங்கினால் எப்படியிருக்கும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடைப்பது கடினம்.

ஆனால் அசல் நேர்காணலில் அவர்கள் கையில் இருந்தது ஒரு மார்க்கர் பேனா, எதிரே ஒயிட்போர்டு. மேக் கணினிகளில் மென்பொருள் நிறுவ உலகெங்கும் நிரலாளர்கள் பயன்படுத்தும் 'ஹோம்ப்ரூ'வை உருவாக்கியவர் மேக்ஸ் ஹவல். 2015-இல் கூகுள் அவரைத் தேர்ந்தெடுக்கவில்லை. உங்கள் பொறியாளர்களில் பெரும்பாலோர் என் மென்பொருளைப் பயன்படுத்துகிறார்கள், ஆனால் பலகையில் இருமக் கிளைமரத்தைத் தலைகீழாக்கத் தெரியவில்லை என்று என்னை அனுப்பிவிட்டீர்கள் என்று அவர் ட்விட்டரில் கொட்டித் தீர்த்தது இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. அவர் பக்கம் மட்டும் நியாயம் என்று முடிவு கட்டத் தேவையில்லை. கூகுள் தேடியது வேறு திறமையாக இருந்திருக்கலாம். இருந்தும் பல ஆண்டுக் கைவேலை கண்ணெதிரே இருக்கும்போது, கிளைமரத்தைக் கேட்டது விசித்திரம்தான்.

2020-இல் வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகமும் மைக்ரோசாஃப்டும் சேர்ந்து செய்த ஆய்வு, இதன் உள்ளே இருக்கும் இன்னொரு சிக்கலைத் திறந்து காட்டியது. 48 மாணவர்களுக்கு ஒரே கணக்கு. பாதிப் பேர் ஒருவர் பார்த்துக்கொண்டிருக்க, பேசிக்கொண்டே பலகையில் எழுதினார்கள். மீதிப் பேர் தனி அறையில் எழுதினார்கள். பார்க்கப்பட்டவர்களின் செயல்திறன் பாதிக்கு மேல் சரிந்தது. பார்வையாளர் முன் எழுதிய பெண்களில் ஒருவர்கூடத் தேறவில்லை. தனியறையில் எழுதிய பெண்கள் அத்தனை பேரும் தேறினார்கள். சிறிய ஆய்வுதான், சிறு எண்ணிக்கையிலான பெண்களை வைத்துப் பெரிய முடிவுக்கு வர முடியாது. ஆனால் பலகை அளந்தது நிரல் அறிவையா, பதற்றத்தைத் தாங்கும் வலுவையா என்ற கேள்வி அதற்குப் பிறகு அகலவே இல்லை.

நேர்காணலை மனிதக் கண்ணிலிருந்து விடுவித்து இணையத்துக்குக் கொண்டுபோனவர்களில் முக்கியமான இருவர் திருச்சி என்ஐடியில் படித்தவர்கள்: விவேக் ரவிசங்கரும் ஹரிசங்கரன் கருணாநிதியும். அவர்களுடைய 'இன்டர்வியூஸ்ட்ரீட்' 2012-இல் 'ஹேக்கர்ரேங்க்' ஆனது. கல்லூரியின் பெயரைப் பார்க்காமல், தீர்த்த கணக்கைப் பார்த்து ஆள் எடுக்கலாம் என்ற வாக்குறுதி அதில் இருந்தது. சிறு ஊர்க் கல்லூரிகளில் படித்த பலருக்கு அது உண்மையிலேயே கதவைத் திறந்தது. புள்ளி, தரவரிசை, பதக்கம் என்று விளையாட்டின் அலங்காரங்களும் சேர்ந்துகொண்டன. பின்னால் வந்த 'லீட்கோட்' அதையே அன்றாடக் கடமையாக்கியது. வேலை தேடுகிறவர் மாதக்கணக்கில் நூற்றுக்கணக்கான கணக்குகளைத் தீர்த்துத் தள்ளுகிறார். வேலை கிடைத்த மறுநாளிலிருந்து அவற்றைத் தொடுவதில்லை. சகுந்தலா தேவியின் இடத்தில் ஒரு இணையதளம் வந்திருக்கிறது. நிரல் போட்டிகளில் வெல்பவர்கள் வேலையில் எப்படி என்று கூகுள் தன் தரவுகளை ஆராய்ந்தபோது, போட்டி வெற்றி எதிர்த்திசையில் சாய்ந்திருந்ததாக பீட்டர் நார்விக் ஓர் உரையில் குறிப்பிட்டார். வேகமாக முடித்து அடுத்ததற்குத் தாவும் பழக்கம், ஒரே நிரலோடு பல ஆண்டுகள் வாழ வேண்டிய வேலைக்கு ஒத்துவருவதில்லை என்பது அவர் ஊகம். கூகுள் தன் 'கோட் ஜாம்' போட்டியை 2023-இல் நிறுத்தியது.

இத்தனைக்கும் நடுவே வேறொரு மரபு சத்தமில்லாமல் வளர்ந்தது. அதில் விளையாட்டே வேலையின் ஒரு துண்டு. பணப் பரிமாற்ற நிறுவனமான ஸ்ட்ரைப், 2012-இலும் 2014-இலும் 'கொடியைக் கைப்பற்று' வகைப் போட்டிகளை நடத்தியது. 2012-இல் ஓட்டை உள்ள ஒரு சேவையகத்தைக் கொடுத்து, அதற்குள் ஒளித்து வைத்த கடவுச்சொல்லை எடு என்றார்கள். முடித்தவருக்குப் பரிசு ஒரு டி-ஷர்ட். பாதுகாப்புத் துறையில் இருந்த மட்டாசானோ நிறுவனம் 48 மறையாக்கப் பயிற்சிகளை முதலில் மின்னஞ்சலில் கேட்டவர்க்கெல்லாம் அனுப்பியது. 2014-இல் 'மைக்ரோகரப்ஷன்' வந்தது: ஊர் ஊராகக் கிடங்குகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு மின்னணுப் பூட்டு, பூட்டின் இயந்திர நிரல் திரையில் விரிகிறது, பூட்டைத் திறக்க வேண்டும். ஒவ்வொரு கட்டத்திலும் பூட்டுத் தயாரிப்பாளர் முந்தைய ஓட்டையை அடைத்துவிட்டதாகப் பெருமை பேசும் கையேடும் உண்டு. விளையாடிக்கொண்டிருக்கிறோம் என்ற நினைப்பிலேயே ஒருவர் அந்தத் தொழிலின் பாதியைக் கற்றுவிடுவார்.

மட்டாசானோவை நடத்தியவர்களில் ஒருவரான தாமஸ் டாசெக் பிறகு சொன்னது, வழக்கமான நேர்காணலில் ஒருபோதும் தேறியிருக்க மாட்டாதவர்கள் இந்த வழியில் வந்து சிறந்த பணியாளர்களாக அமைந்தார்கள் என்பது. அந்த நம்பிக்கையில் 2015-இல் அவரும் எரின் டாசெக்கும் பேட்ரிக் மெக்கென்சியும் 'ஸ்டார்ஃபைட்டர்' என்ற நிறுவனத்தையே தொடங்கினார்கள். முதல் ஆட்டம் 'ஸ்டாக்ஃபைட்டர்': பொய்ப் பங்குச் சந்தை ஒன்றோடு நிரல் வழியே பேசி வாங்கி விற்க வேண்டும்; தொடக்கத்தில் 100 பங்குகளை வாங்கினால் போதும், போகப் போகக் கடினமாகி, சந்தையில் உள்தகவல் வைத்து ஆடும் கள்ளனைக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கும். ஆடியவர்கள் கொண்டாடினார்கள். ஆனால் ஆடுகிறவர்களை நிறுவனங்களிடம் சேர்த்துக் கட்டணம் பெறும் வியாபாரம் எழவில்லை. 2016-இலேயே கடையைக் கட்டினார்கள். விளையாட்டு நல்லதாக இருப்பதும் அதற்குப் பணம் தர யாரோ இருப்பதும் வேறு வேறு.

இதற்குச் செலவே இல்லாத உதாரணம் தமிழ்நாட்டிலேயே இருக்கிறது. ஸோஹோவின் ஃப்ரெஷர் தேர்வுக்குப் போய்வந்த மாணவர்கள் எழுதி வைத்திருக்கும் குறிப்புகளில் ஒரு கால் டாக்ஸிக் கணக்கு திரும்பத் திரும்ப வருகிறது. ஏ முதல் எஃப் வரை ஆறு நிறுத்தங்கள், அடுத்தடுத்த நிறுத்தத்துக்கு 15 கிலோமீட்டர், போக ஒரு மணி நேரம். நான்கு டாக்ஸிகளும் தொடக்கத்தில் ஏ-யில் நிற்கின்றன. முதல் 5 கிலோமீட்டருக்கு 100 ரூபாய், பிறகு கிலோமீட்டருக்கு 10 ரூபாய். அழைப்பு வந்த இடத்தில் காலி வண்டி இருந்தால் அது. இல்லையென்றால் பக்கத்தில் இருப்பது. இரண்டு வண்டிகள் சம தூரத்தில் நின்றால் இதுவரை குறைவாகச் சம்பாதித்தது. கணினி முன் உட்கார்ந்து, சில மணி நேரத்தில், ஒவ்வொரு பகுதியாக எழுதிக் காட்ட வேண்டும். ரயில் டிக்கெட் முன்பதிவு, காத்திருப்போர் பட்டியல் என்று வேறு வடிவங்களும் உண்டு.

இதில் தந்திரம் எதுவும் இல்லை. விடையை முன்பே கேள்விப்பட்டவரும் எழுதித்தான் ஆக வேண்டும். வண்டி ஓடிக்கொண்டிருக்கும் நேரத்தில் அதைக் காலி என்று எண்ணிவிடக் கூடாது என்பது பலருக்குப் பாதி வழியில்தான் உறைக்கிறது. அப்போது ஏற்கெனவே எழுதியதை எவ்வளவு உடைக்காமல் மாற்ற முடிகிறது என்பதில் ஒருவரின் கை தெரிந்துவிடும். மதுரை ஷேர் ஆட்டோவில் ஏறியிருக்கிற எந்த மாணவிக்கும் கேள்வியின் சூழல் புரியும். கோல்ஃப் பந்தைக் கண்ணால் பார்த்திராதவர் அதன் விட்டத்தை ஊகிக்க வேண்டிய அவமானமும் இல்லை.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன? ஃபிராங்க் ஷ்மிட்டும் ஜான் ஹன்டரும் 85 ஆண்டு ஆராய்ச்சிகளைத் தொகுத்து 1998-இல் வெளியிட்ட கட்டுரையில், வேலையின் மாதிரியையே செய்யவைத்துப் பார்க்கும் தேர்வு முதலிடம் பெற்றது: பிற்காலச் செயல்திறனோடு 0.54 ஒட்டுறவு. எல்லோருக்கும் ஒரே கேள்வி, ஒரே அளவுகோல் என்று வகுத்த நேர்காணல் 0.51, மனம்போன போக்கில் பேசும் நேர்காணல் 0.38. விளையாட்டு ஆர்வலர்கள் இந்த 0.54-ஐ நெடுங்காலம் கொடியாகப் பிடித்தார்கள். 2022-இல் பால் சாக்கெட்டின் குழு பழைய கணக்கின் திருத்தங்கள் மிகையானவை என்று காட்டி மறுபடி கணித்தது. மாதிரி வேலைத் தேர்வு 0.33-க்கு இறங்க, வகுத்த நேர்காணல் 0.42-உடன் முன்னே வந்தது. எந்த வழியும் ஆளை முழுதாக முன்கூட்டிக் காட்டுவதில்லை என்பது இரண்டு கணக்குக்கும் பொது.

மாதிரி வேலைக்கு இன்னொரு குறையும் இருக்கிறது. வீட்டுக்குக் கொடுத்தனுப்பும் கணக்கு 'நான்கு மணி நேரம்' என்று சொல்லி நான்கு நாளைத் தின்னும். குழந்தையைத் தூங்கவைத்த பிறகு கணினியைத் திறப்பவரும் விடுதி அறையில் தனியாக இருப்பவரும் ஒரே ஆட்டத்தை ஆடுவதில்லை. வேர்ட்பிரஸ் சேவையை நடத்தும் ஆட்டோமேட்டிக் நிறுவனம் இதற்காகவே, சோதனைக் கால வேலைக்கு மணிக் கணக்கில் ஊதியம் கொடுத்துப் பார்த்தது. அதைப் பின்பற்றியவர்கள் அதிகம் இல்லை.

2025-இல் ஆட்டத்தின் விதிகளே மாறின. நேர்காணல் திரைக்கு மேல், எதிரில் இருப்பவர் கண்ணுக்குத் தெரியாமல் விடையை எழுதிக் காட்டும் செயற்கை நுண்ணறிவுக் கருவி ஒன்றை கொலம்பியா பல்கலைக்கழக மாணவர் ஒருவர் உருவாக்கி, அதை வைத்தே பெரிய நிறுவனங்களின் சுற்றுகளைத் தாண்டியதாகப் பகிரங்கமாக அறிவித்தார். அந்த ஆண்டு ஜூனில் கூகுளின் சுந்தர் பிச்சை, அடிப்படைகள் இருக்கின்றனவா என்று பார்க்க, குறைந்தது ஒரு சுற்றாவது நேரில் நடத்தப்போவதாகச் சொன்னார். அதே மாதத்தில் ஆஸ்திரேலியாவின் கேன்வா நேர்மாறாகப் போனது: நேர்காணலில் செயற்கை நுண்ணறிவுக் கருவிகளைப் பயன்படுத்துவதை விண்ணப்பதாரரிடம் எதிர்பார்ப்பதாக அறிவித்தது. மெட்டாவும் அத்தகைய சுற்றைச் சோதிப்பதாகச் செய்தி வந்தது.

லீட்கோட் வகைக் கணக்குகளை இந்தக் கருவிகள் சில விநாடிகளில் ஊதித் தள்ளுகின்றன. எனவே அவற்றை மட்டும் வைத்து வடிகட்டிய நிறுவனங்களுக்குத்தான் இப்போது திண்டாட்டம். ஸ்ட்ரைப் நேர்காணலில் ஒரு சுற்று வேறு மாதிரி: ஏற்கெனவே உள்ள பெரிய நிரல் தொகுதியைக் கொடுத்து, அதில் இருக்கும் பிழையைக் கண்டுபிடிக்கச் சொல்வார்கள். இதற்கும் கருவி உதவும். ஆனால் அது காட்டிய திருத்தம் சரியா, வேறெங்காவது எதையாவது உடைத்ததா என்று பார்த்துச் சொல்ல வேண்டியவர் விண்ணப்பதாரர்தான். கால் டாக்ஸிக் கணக்கையும் இன்று ஒரு கருவி முழுதாக எழுதிக் கொடுத்துவிடும். எழுதிக் கொடுத்ததை மேசையில் வைத்து, இரண்டு வண்டிகளும் சம தூரத்தில் நின்று சம வருமானமும் ஈட்டியிருந்தால் எது போக வேண்டும் என்று கேட்கலாம். வினாத்தாளில் அதற்கு விதி இல்லை, கேட்பவரிடமும் ஆயத்த விடை இல்லை.